ஒரே பொய்யைச் சொல்லும் கடிகாரம்

அத்தியாயம் 9

கடைசியாக இன்சுலின் போட்டு முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. இதைக் கணக்கிட்டுச் சொன்னவள் மருந்துக் கடையில் பதினான்கு ஆண்டுகள் நின்றவள். ஆதலால் கணக்கில் பிழை இருக்க வழியில்லை.

"நேத்து காலைல ஏழு மணிக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன். ராத்திரி போடல. இன்னிக்குக் காலைலயும் போடல. இன்னிக்கு ராத்திரியும் தாண்டிட்டா, சார், அப்புறம் நீங்க தேட வேண்டியதே இல்ல."

லைன்மேன் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசித் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் அறுந்த கம்பிகளைத் தேடித் திரிந்து, ஓய்வு பெற்றபின் தொலைந்த மனிதர்களைத் தேடும் தொழிலுக்கு வந்தவர் அவர். பழைய வேலை போய்விட்டது. அந்த வேலையின் பெயர் மட்டும் போகவில்லை. அவருடைய உதவியாளரை எல்லாரும் கேசட் என்பார்கள். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை பழகியவள். ஒரு பக்கம் தீர்ந்தவுடன் தானே மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசுகிறவள்.

தொலைந்தவர் மருந்துக் கடைக்காரியின் கணவர். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். பதினெட்டு வயதிலிருந்து ஊசியோடு வாழ்பவர். கல்லூரி நாள்களில் தாம் விளையாடிய கம்ப்யூட்டர் விளையாட்டுகளை அந்தக் காலத்துச் சவுண்ட் கார்டிலேயே, அந்தக் காலத்துச் சத்தத்தோடு கேட்க வேண்டும் என்று எட்டு மாதங்களாக ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துண்டு துண்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசை முழுவதும் அந்தக் கம்ப்யூட்டர்தான். குடும்பம் எட்டு மாதங்களாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

அவர் காணாமற்போன செய்தியைப் பதிவு செய்த சப்-இன்ஸ்பெக்டர், 'சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டைவிட்டு வெளியேறியுள்ளார்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஓர் உயிரை ஐந்து சொற்களில் கைகழுவுவதற்கு அவருக்கு மூன்று காரணங்கள் கிடைத்திருந்தன. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று காலையில் கணவன் மனைவிக்குள் வாய்த்தகராறு நடந்திருக்கிறது. மூன்றாவது, அந்தப் பழைய கம்ப்யூட்டரின் திரையில் ஒரு கடிதம் திறந்தபடி இருந்திருக்கிறது.

தகராற்றை மருந்துக் கடைக்காரி மறைக்கவில்லை. அவளே சொன்னாள்.

"இந்தக் குப்பையைக் கட்டிக்கிட்டு எங்கயாவது போய்த் தொலைங்கன்னு சொன்னேன், சார். சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டேன். மத்தியானம் வந்து பார்த்தா மனுஷன் இல்ல. திரையில இது இருந்துச்சு."

கடிதத்தை அவள் ஒரு தாளில் பார்த்து எழுதி வைத்திருந்தாள். தமிழை ஆங்கில எழுத்துகளில் கொலை செய்து எழுதியிருந்த அந்தக் கடிதத்தைத் தமிழாக்கிப் படித்தால் இவ்வளவுதான்: 'நான் போகிறேன். தேட வேண்டாம். இத்தனை வருஷம் பேசினேன். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. எல்லாரும் பத்திரமாக ஊர் போய்ச் சேருங்கள்.'

கேசட் அதை இரண்டு முறை படித்தாள். வீட்டை விட்டுப் போகிறவர் வீட்டில் இருக்கிறவர்களை ஏன் ஊருக்கு அனுப்புகிறார் என்று கேட்டாள்.

லைன்மேன் கம்ப்யூட்டரை இயக்கச் சொன்னார். நேற்று மதியம் போலீஸ்காரர்கள் கேபினெட்டைத் திறந்து, ஒயர்களை உருவிப் பார்த்து, வந்த வேகத்தில் திரும்பச் செருகிவிட்டு, அணைத்துவிட்டுப் போனதாக மருந்துக் கடைக்காரி சொன்னாள். கேசட் ஒயர்களைச் சரிபார்த்துப் பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஊர்ந்தன. தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று. நேரம் நள்ளிரவு பன்னிரண்டு.

"நான் பொறக்கிறதுக்கே இன்னும் பத்து வருஷம் இருக்கு, அண்ணே. இன்னிக்குச் சம்பளத்துல கழிச்சுக்காதீங்க" என்றாள் கேசட்.

இந்தக் கடிகாரம் எப்பொழுதும் இப்படித்தானா என்று லைன்மேன் விசாரித்தார். எப்பொழுதும் இப்படித்தான் என்றாள் மருந்துக் கடைக்காரி. பழைய கம்ப்யூட்டர்களில் நேரத்தை நினைவில் வைக்கும் சின்ன பேட்டரி, கசிந்து போர்டை அரித்துவிடுமாம். அதனால் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் போர்டு கைக்கு வந்தவுடன் முதல் வேலையாக அதை வெட்டி எறிந்துவிடுவார்களாம். இவரும் வெட்டி எறிந்திருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கம்ப்யூட்டருக்கு எண்பதாம் ஆண்டு பிறக்கும்.

லைன்மேன் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னார். கணவர் தம் கைப்பட எழுதி வைத்த வேலைக் குறிப்புகள் நான்கு இருந்தன. நான்குக்கும் தேதி எண்பது ஜனவரி ஒன்று. கடிதத்தின் தேதி அப்படியில்லை. தொண்ணூற்றாறு, செப்டம்பர் பதினேழு.

இதைச் சப்-இன்ஸ்பெக்டரும் பார்த்தாராம். ஓட்டைக் கம்ப்யூட்டர், வாய்க்கு வந்த தேதியைச் சொல்கிறது என்று சிரித்தாராம்.

லைன்மேன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து மருந்துக் கடைக்காரியின் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"கடிகாரம் பொய் சொல்லுது. சரி. ஆனா வாய்க்கு வந்தபடி சொல்லலியே, தினமும் ஒரே பொய்யைத்தானே சொல்லுது? உங்க வீட்டுக்காரர் இந்தக் கம்ப்யூட்டர்ல எது எழுதினாலும் எண்பதுன்னுதான் விழும். தொண்ணூத்தாறுன்னு விழவே விழாது. இது வேற ஒரு கம்ப்யூட்டர்ல, ஒழுங்கா ஓடுற கடிகாரத்துக்கு முன்னாடி உக்காந்து யாரோ எழுதினது. இந்த டிஸ்க்கோட கூடவே வந்திருக்கு."

மருந்துக் கடைக்காரி அவரையே பார்த்தாள்.

"அப்போ இது அவர் எழுதினது இல்லியா?"

"இல்லம்மா. அவர் படிச்சது."

நேற்று மதியத்திலிருந்து அழாதவள் அப்பொழுதுதான் அழுதாள். கேசட் அவள் தோளில் கை வைத்தாள். லைன்மேன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கடிகாரம் உண்மை சொல்லும் வகையைச் சேர்ந்தது. இரண்டு பத்து காட்டியது. கடிதம் அவருடையது இல்லை என்றால் அவர் விருப்பப்பட்டுப் போகவில்லை. விருப்பப்பட்டுப் போகாதவர் இன்னும் திரும்பவில்லை என்றால் திரும்ப முடியாத இடத்தில் இருக்கிறார். நிம்மதி வந்த வழியிலேயே அதைவிடப் பெரிய பயமும் உள்ளே வந்துவிட்டது.

டிஸ்க் எங்கே வாங்கியது என்று கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை நடைபாதைச் சந்தையில் வாங்கியது. அதையும் ஒரு சவுண்ட் கார்டையும் சணல் கயிற்றால் சேர்த்துக் கட்டி விற்றிருக்கிறார்கள். விற்றவன் யார் என்று தெரியாது. அந்தச் சந்தை ஞாயிறு மட்டும்தான் கூடும். அன்று புதன்கிழமை.

"அந்தச் சவுண்ட் கார்டு எது?"

கேபினெட்டுக்குள் இருந்ததைக் கேசட் உருவினாள். ஒரு முழ நீளம். வெளிப்பக்கத் தகட்டில் வரிசையாக மூன்று துளைகள். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பேச்சு நின்றது. அவள் பேச்சு நின்றால் ஏதோ கிடைத்துவிட்டது என்று லைன்மேனுக்குத் தெரியும்.

"அண்ணே, இதை வச்சிருந்தவங்க விளையாடவே இல்ல. ஸ்பீக்கர் ஓட்டை புதுசு மாதிரி இருக்கு. மைக் ஓட்டை மட்டும் பளபளன்னு தேஞ்சு கிடக்கு. ஆயிரம் தடவை செருகி உருவியிருப்பாங்க. வாயால விளையாடுற விளையாட்டை நான் இன்னும் பார்த்ததில்ல."

"பேசியிருக்காங்க."

"பேசியிருக்காங்க. என்னை மாதிரி யாரோ."

டிஸ்க்கில் கணவருடைய குறிப்புகளுக்குக் கீழே ஒரு நீண்ட வரிசை இருந்தது. ஒன்று முதல் எழுபத்தாறு வரை வெறும் எண்களே பெயர்களாக, சின்னச் சின்ன ஒலிப்பதிவுகள். கேசட் கார்டைத் திரும்பச் செருகி முதல் பதிவை ஓட்டினாள். சத்தம் வரவில்லை. இரண்டாவதை ஓட்டினாள். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிட்டது.

மீண்டும் கார்டை உருவினாள். கார்டு எந்த எண்ணில் கம்ப்யூட்டரைக் கூப்பிட வேண்டும் என்று காட்டும் இரட்டை ஊசிகளின் மேல் ஜம்பர் என்ற அரிசி அளவுத் தொப்பி ஒன்று இருக்க வேண்டும். அது இல்லை. போலீஸ்காரர்களின் கைவண்ணம். மூவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். மேசைக்கு அடியில் திருகாணிகளும் ஒரு சட்டைப் பொத்தானும் கிடைத்தன, தொப்பி கிடைக்கவில்லை. மருந்துக் கடைக்காரி இரண்டு இருபத்தைந்து என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரும் அவளிடம் நேரம் கேட்கவில்லை.

கேசட் எழுந்து, அலமாரியில் இருந்த வேறொரு பழைய கார்டிலிருந்து ஒரு தொப்பியைப் பிடுங்கினாள். எந்த ஊசியில் மாட்டுவது என்பதைக் கணவரின் குறிப்பே சொன்னது: 'ஏழில் வைத்தால் பிரிண்டரோடு மோதுகிறது. இரண்டு பேருக்கும் ஒரே அழைப்பு மணி. ஐந்தில் வைக்க.' ஐந்தில் வைத்தாள்.

இம்முறை ஸ்பீக்கர் இரைந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் நிதானமாக, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய மரியாதையைக் கொடுத்துப் பேசியது.

'பயணிகளின் கனிவான கவனத்திற்கு.'

அடுத்த பதிவு: 'நான்காவது நடைமேடையிலிருந்து.'

அதற்கடுத்தது: 'புறப்படத் தயாராக உள்ளது.'

மருந்துக் கடைக்காரி எழுந்து நின்றுவிட்டாள். பழைய பஸ் நிலையத்துக் குரல் இது என்றாள். பஸ் நிலையம் ஊருக்கு வெளியே மாறிப் பதினொரு வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்பு படிக்கப் போன காலம் முழுவதும் தினமும் காலையில் இந்தக் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறினாளாம். அவரும் அங்கேதான் ஏறுவாராம்.

யாரை ஊர் போய்ச் சேரச் சொல்கிறது அந்தக் கடிதம் என்பது இப்பொழுது மூவருக்கும் விளங்கியது. ஆயிரம் பேரைத் தினமும் வழியனுப்பிய ஒருத்தி, ஒரு நாள் தானும் கிளம்புவதாக எழுதி வைத்திருக்கிறாள். அவர் அதை நேற்றுக் காலையில் படித்திருக்கிறார்.

"அவரால சும்மா உக்கார முடிஞ்சிருக்காது, சார்" என்றாள் மருந்துக் கடைக்காரி. "எக்ஸ்ரேல ஏதாச்சும் கெட்டது தெரிஞ்சா, டாக்டர் வந்து சொல்ற வரைக்கும் அந்த நோயாளி பக்கத்துலயே உக்காந்திருப்பார். அந்தம்மா என்ன ஆனாங்கன்னு பார்க்கத்தான் போயிருக்கார். கம்ப்யூட்டரைக்கூட அணைக்கல. உடனே வந்துடலாம்னு போயிருக்கார்."

இன்சுலினையும் சிரிஞ்சையும் ஐஸ் பெட்டியில் வைத்து, சர்க்கரை பார்க்கும் மானியையும் எடுத்துக்கொண்டு அவள்தான் முதலில் படி இறங்கினாள்.

கேசட்டின் கார் பழைய பஸ் நிலையத்தை அடைந்தபோது மணி இரண்டு ஐம்பது. நடைமேடைகளில் தரை வெடித்துப் புல் முளைத்திருந்தது. வாசலில் காவலாளி ஒருவர் நாற்காலியில் இருந்தார். நேற்றும் இன்றும் யாரும் வரவில்லை என்று அடித்துச் சொன்னார். பின்பக்கச் சுவர் இடிந்து, ஒரு லாரி நுழையும் அளவுக்கு வழி திறந்து கிடந்ததை அவர் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு? அவருக்கு வாசலைக் காக்கும் வேலைதான் கொடுத்திருக்கிறார்களாம்.

நான்காவது நடைமேடைக்கு எதிரே 'அறிவிப்பு' என்று பலகை தொங்கிய சின்ன அறையை மருந்துக் கடைக்காரியே கண்டுபிடித்து ஓடினாள். ஓடிய வேகத்தில் கதவின்மேல் மோதினாள். கதவில் பூட்டு. பூட்டின்மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. சாவித் துளையில் சிலந்தி வலை.

ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத பூட்டு அது. அவள் கதவைத் தட்டினாள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உடைந்த ஜன்னல் வழியே கேசட் எட்டிப் பார்த்து, உள்ளே ஒரு மேசையும் புறா எச்சமும்தான் இருப்பதாகச் சொன்னாள். மருந்துக் கடைக்காரி ஐஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கயும் இல்லன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?"

கேசட்டிடம் இரண்டு பக்கமும் தீர்ந்திருந்தது.

லைன்மேன் அந்த அறையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூணின் உச்சியில் புனல் போன்ற ஒலிபெருக்கி ஒன்று துருப்பிடித்துத் தொங்கியது. அதிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி கிளம்பி அடுத்த தூணுக்குப் போனது.

"இந்த ரூமுக்குள்ள ஒரு கம்பிகூட நுழையல. பலகை மட்டும்தான் இங்க இருக்கு. பேசின இடம் இது இல்ல."

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். இருபத்திரண்டு ஆண்டுகள் செய்த வேலை அது. தலை மேலே, கால் கீழே. கம்பி தூண் தூணாகத் தாவியது. பயணச்சீட்டு அறையின் கூரைமீது ஏறியது. ஓரிடத்தில் அறுந்து தொங்கியது. அவர் அறுந்த முனையையும் எதிர்ச் சுவரில் இருந்த மறுமுனையையும் ஒரு நொடி பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். கம்பி பின்கட்டில் டயர் கிடங்கின் வெளிச்சுவரில் ஏறி, மாடியில் ஒரு துளைக்குள் நுழைந்து மறைந்தது. அவருக்கு முன்னால் ஒருவர் இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மாடிப் படியின் தூசியில் செருப்புத் தடம் மேலே போயிருந்தது. கீழே இறங்கவில்லை.

மருந்துக் கடைக்காரி அதைப் பார்த்தாள். மூன்று மணி. மூன்று பேரும் ஓடினார்கள்.

கதவில் பூட்டு இல்லை. வெளிப்பக்கம் பித்தளைக் கைப்பிடி ஒன்று இருந்தது. லைன்மேன் அதைத் திருகினார். கதவு திறந்தது. உடைக்கவோ சாவி தேடவோ ஒரு வேலையும் இல்லை. வெளியே ஓர் ஆள் நின்று கையை வைத்தால் போதும். முப்பது மணி நேரமாக அங்கு இல்லாமற்போனது அந்த ஓர் ஆள்தான்.

கதவின் உட்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் நான்கு துளைகள். பித்தளைக்கு ஆசைப்பட்டவர்கள் உள்ளே இருந்ததைக் கழற்றிய பிறகு, வெளியே இருந்ததைக் கழற்றச் சோம்பியிருக்கிறார்கள். துளைகளைச் சுற்றி மரம் சிராய்ந்து, அதில் இரத்தம் காய்ந்திருந்தது. ஜன்னல் இல்லை. பஸ் இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க நான்கு சுவர்களிலும் தென்னை நார்ப் பாயும் கம்பளியும் அடித்திருந்தார்கள். ஊர் முழுவதும் கேட்கப் பேசிய அறையில், அலறினாலும் வெளியே கேட்காது.

அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். மூச்சு இருந்தது. ஆழமாக, வேகமாக, ஏதோ மலை ஏறுகிறவரைப் போல.

மருந்துக் கடைக்காரி அழவில்லை. மண்டியிட்டு அவர் வாயருகே முகர்ந்தாள். அழுகிய பழ வாடை. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். மானி எண் காட்டவில்லை. அதற்குத் தெரிந்த எண்களை எல்லாம் தாண்டிவிட்டது. சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து மருந்தை ஏற்றினாள். ஊசி போட்டாள். கேசட் ஏற்கெனவே ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்; வாசலுக்கு வராதே, இடிந்த சுவர் வழியே வா என்று மூன்று முறை சொன்னாள்.

அவருடைய கைக்கு அடியில் அறிவிப்பாளரின் வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது. லைன்மேன் குனிந்து பார்த்தார். தொண்ணூற்றாறு செப்டம்பர். பதினேழாம் தேதிக் கட்டத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து. பதினெட்டாம் தேதிக் கட்டத்திலும் அதே கையெழுத்து. பத்தொன்பது, இருபது. அடுத்த பக்கத்தை அவர் திருப்பவில்லை. படுத்திருந்தவரின் விரல் பதினெட்டின் மேல் இருந்தது.

ஆம்புலன்ஸ் பதினோராவது நிமிடத்தில் வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லைன்மேனைச் சப்-இன்ஸ்பெக்டர் கைப்பேசியில் கூப்பிட்டார். தகவல் எட்டியிருந்தது. ஆள் தானாகவே திரும்பிவிட்டார் என்று எழுதிக் கோப்பை முடித்துவிடலாமா என்று கேட்டார்.

"தானா வரல, சார்" என்றார் லைன்மேன். "கதவைத் திறந்தோம்."

மாலை ஐந்தரைக்கு மருத்துவர் வெளியே வந்தார். கடைசி ஊசி எப்பொழுது போட்டது என்று கேட்டார். மருந்துக் கடைக்காரி இரண்டு ஊசிகளின் நேரத்தையும் நிமிடக் கணக்கில் சொன்னாள். இன்னும் நான்கைந்து மணி நேரம் ஆகியிருந்தால் என்று தொடங்கிய மருத்துவர், அவள் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். ஆபத்து இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் விழித்திருக்கிறார், ஒரு நிமிடம் போய்ப் பார்க்கலாம் என்றார்.

இரண்டு கைகளிலும் குழாய்கள். விரல் நுனிகளில் கட்டு. உதடு வெடித்திருந்தது. அவள் அருகில் போய் நின்றதும், அவர் மிகவும் சிரமப்பட்டு, சொல் சொல்லாக எடுத்து வைத்தார்.

"நான் கோவிச்சுக்கிட்டுப் போகல."

"தெரியும். பேசாதீங்க" என்றாள்.

அன்று பிற்பகல் இரண்டு மணி வரை அவளுக்கு அது தெரியாது. அதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை. கட்டுப் போட்ட விரல்களைத் தவிர்த்து, மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.